சூத்திரதாரியின் பொறுப்பு

உலகத்தை ஒரு நாடகமென்றும், ஈசுவரனை அதன் சூத்திரதாரியென்றும், சீவர்களை அவன் ஆட்டுவிக்கும் பாத்திரங்களென்றும் சொல்லுவது நம் நாட்டில் வேதாந்திகளுக்கு மட்டுமன்றி, திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களுக்கும் கைவந்த வழக்கு. துக்கம் நேர்ந்த வீட்டுக்குப் போகிறவர் இந்த உபமானத்தைக் கொண்டுதான் ஆறுதல் சொல்லுகிறார். துக்கப்படுகிறவரோ அதே உபமானத்தைத் திருப்பி, இத்தனை கொடிய காட்சியை அவன் எதற்காக அமைத்தான் என்று கேட்கிறார். இருவரும் நாடகத்தைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, நாடகத்தை நடத்துகிறவனுடைய தொழில் எத்தகையது, நடிகர்கள்மேல் அவனுக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் உண்டு, அதை அவன் எந்த இடத்தில் செலுத்துகிறான், எந்த இடத்தில் வேண்டுமென்றே கைவிடுகிறான் என்பதையெல்லாம் விசாரிப்பதில்லை. ஆகையால், மேடையிலும் டெலிவிஷனிலுமாக எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு டைரக்டருடைய தொழில் வாழ்க்கையை முன்னே வைத்துக்கொண்டு இந்தப் பழைய கேள்வியை மறுபடியும் கேட்டுப் பார்க்கலாமென்று தோன்றுகிறது.

நான் கருதுவது பீட்டர் புரூக்கை. 1925-இல் லண்டனில், லாட்வியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்து, 2022-இல் தம் தொண்ணூற்றேழாம் வயதில் பாரிஸில் காலமான அவரை, மகாபாரதத்தை மேனாட்டு மேடையில் ஏற்றியவர் என்ற அளவில் நம்மவர் பலர் அறிவார்கள். இந்திய அரசாங்கம் 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அளித்தது. ஆனால் பாரதத்துக்கு அவர் வந்து சேர்ந்தது அறுபது வயதில். அதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளில் அவர் கற்றதும் கைவிட்டதும் என்னவென்று தெரிந்துகொண்டால்தான், நம் கேள்விக்கு அவர் வாழ்க்கை என்ன விடை தருகிறதென்பது விளங்கும்.

1946-இல், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு நகரத்தில், 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' என்ற நாடகத்தை நடத்தும் பொறுப்பு இருபத்தொரு வயது இளைஞராகிய அவரிடம் வந்தது. முதல் ஒத்திகைக்கு முந்திய இரவு அவர் மேடையின் சிறிய மாதிரி ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு, நாற்பது நடிகர்களுக்குப் பதிலாக நாற்பது அட்டைத் துண்டுகளை மடித்து நிறுத்தி, அரசவையினர் முதன்முதலாக மேடைக்கு வருகிற கட்டத்தில் எந்தத் துண்டு எந்தப் பக்கமாக எத்தனை தூரம் நகர வேண்டுமென்று தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒவ்வோர் அசைவுக்கும் எண்ணிட்டுத் தடித்த புத்தகமொன்றில் எழுதிவைத்தார். மறுநாள் காலையில் நடிகர்கள் நகரத் தொடங்கிய கணத்திலேயே திட்டம் குலைந்துவிட்டது. ஒருவர் துள்ளி நடந்தார், ஒருவர் தயங்கினார், அட்டைத் துண்டுகள் நின்ற இடத்தில் ஆட்கள் நின்றபோது அவர்களுக்கிடையே எதிர்பாராத நெருக்கங்களும் இடைவெளிகளும் உண்டாயின. அவர்களைத் திரும்பத் திரும்ப நடக்கவைத்துப் புத்தகத்துக்குள் அடக்குவதா, புத்தகத்தை விட்டுவிடுவதா என்ற சங்கடத்தில் ஒரு கணம் நின்றவர், புத்தகத்தை வைத்துவிட்டு நடிகர்களின் நடுவே போய்ச் சேர்ந்தார். எழுதிவைத்த திட்டத்தை அதற்குப் பிறகு தாம் பார்த்ததே இல்லையென்று, 1968-இல் வெளிவந்த 'தி எம்ப்டி ஸ்பேஸ்' என்ற நூலில் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தச் சிறிய சம்பவத்தில் ஒரு பெரிய சித்தாந்த விவகாரம் அடங்கியிருக்கிறது. சர்வக்ஞனாகிய ஈசுவரன் சகலத்தையும் முன்னமே நிச்சயித்து எழுதிவைத்திருக்கிறானென்றால் சீவன் அட்டைத் துண்டாகிறான். அவனுக்குப் புண்ணியமுமில்லை, பாவமுமில்லை. செய் என்றும் செய்யாதே என்றும் சொல்லும் சாஸ்திரமும் வீண். சீவன் முழுச் சுதந்திரம் உள்ளவனென்றாலோ ஈசுவரன் வெறும் பார்வையாளனாகிறான். இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே ஸ்ரீ ராமானுஜர் வரப்பு அமைத்தார். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் சீவனுடைய கர்த்திருத்துவத்தை விசாரிக்கும் இடத்தில், முதல் பிரயத்தனம் சீவனுடையதென்றும், அந்தர்யாமியாகிய பகவான் அந்தப் பிரயத்தனத்தைப் பார்த்து, அதற்கு அனுமதி தந்து, அதைச் செயலாக நிறைவேற்றுகிறானென்றும் அவர் முடிவு கட்டுகிறார். அனுமதியின்றி ஒன்றும் நடவாது. ஆனால் அனுமதி முயற்சிக்குப் பின்னே வருகிறது. நடிகனுடைய முதல் அசைவுக்காகக் காத்திருந்து, அது வந்த பிறகு அதைப் பற்றிக்கொள்ளுகிற டைரக்டருடைய வேலையை இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது.

ஆயினும் புரூக் ஒரே நாளில் ஞானம் பெற்றுவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. அதிகாரத்தின் ருசி அவரை நெடுங்காலம் விடவில்லை. இருபத்திரண்டு வயதில் லண்டன் ராயல் ஆபராவின் தயாரிப்புகளுக்குத் தலைமை ஏற்று, 1949-இல் ஸ்பானிய ஓவியர் டாலியைக் கொண்டு 'சலோமே'க்குக் காட்சிகளை அமைத்துப் பெரிய கண்டனத்துக்கு ஆளானார். 1953-இல் அமெரிக்காவில், சிபிஎஸ் நிலையத்தின் 'ஆம்னிபஸ்' நிகழ்ச்சிக்காக, ஆர்சன் வெல்ஸை லியர் மன்னனாக வைத்து, ஷேக்ஸ்பியரின் மிகப் பெரிய துன்பியல் நாடகத்தை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடக்கினார். கிளாஸ்டர் பிரபுவின் பிள்ளைகளைப் பற்றிய கிளைக்கதை வெட்டுண்டு போயிற்று. காமிரா என்ற கருவி டைரக்டர் கைக்குத் தருகிற அதிகாரம் மேடையில் ஒருவனுக்கும் கிடைக்காதது. மேடையில் அரசன் பேசிக்கொண்டிருக்கும்போது, மூலையில் நிற்கும் சேவகனுடைய முகத்தைப் பார்ப்பதற்கு அரங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு உரிமை உண்டு. டெலிவிஷனில் அந்த உரிமை பறிபோகிறது. டைரக்டர் காட்டுகிறவரையில் சேவகன் இல்லை. காட்டாமல் விட்டால் அவன் பிறக்கவேயில்லை. ஆனாலும் அக்காலத்து டெலிவிஷன் நேரடி ஒளிபரப்பு. நடிகன் வசனத்தை மறந்தால் மறந்ததுதான். அழித்து எழுத வழியில்லை. அந்த ஒரு காரணத்தால் அது மேடைக்குச் சகோதரமாக இருந்தது. பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, திருத்தி வெளியிடும் வசதி வந்த பிறகே நியதிவாதிகளின் கடவுளுக்கு ஒத்த பதவி டைரக்டருக்குக் கைகூடியது.

அத்தகைய கடவுள் எப்படிப்பட்டவனாக இருப்பானென்பதை 1964-இல் புரூக் மேடையிலேயே காட்டிவிட்டார். பீட்டர் வைஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் எழுதிய 'மாரா - சாத்' என்ற அந்த நாடகத்தில், ஷாராந்தோன் என்னும் பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருக்கிற சாத் பிரபு அங்குள்ள நோயாளிகளைக் கொண்டே பிரெஞ்சுப் புரட்சியின் கதையை நாடகமாக நடத்துகிறான். நோயாளிகள் தங்கள் வேஷத்தையும் நோயையும் பிரித்தறிய மாட்டாமல் கொந்தளித்துக் கலகத்தில் இறங்கும்போது, நாடகத்தை நடத்தியவன் தன் ஆசனத்தில் இருந்தபடி சிரிக்கிறான். பிறருடைய வேதனையைக் காட்சியாக அமைத்து ரசிக்கிற சூத்திரதாரி அவன். உலகம் இறைவனுடைய விளையாட்டு என்னும் லீலைக் கொள்கையைக் கவனமில்லாமல் பேசுகிறவர்கள் தம்மை அறியாமல் பகவானைக் கொண்டுபோய் உட்காரவைக்கும் ஆசனம் இதுதான்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1970-இல், புரூக் இதற்கு நேர்மாறான ஓர் உலகத்தைப் படைத்தார். ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்துக்குக் காடும் நிலவும் வரைந்த திரைகளை நீக்கிவிட்டு, சாலி ஜேக்கப்ஸ் அமைத்துக் கொடுத்த, மூன்று பக்கமும் வெள்ளைச் சுவர் எழுப்பிய ஒரு பெட்டியை மேடையில் நிறுத்தினார். தேவதைகள் சர்க்கஸ்காரர்களைப் போல ஊஞ்சல் கம்பிகளில் தொங்கினார்கள். தம் கட்டம் முடிந்த நடிகர்கள் உள்ளே போய் மறையாமல் சுவரின் உச்சியில் நின்று கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதலை உண்டாக்கும் மந்திரப் பூவை வேறு எவராயினும் பட்டுத்துணியால் செய்திருப்பார். இவரோ ஒரு கோலின் நுனியில் சுழலும் உலோகத் தட்டையே பூவாக வைத்தார். பக் என்ற குறும்புத் தேவதை அதைச் சுழற்றிக்கொண்டே வந்து, சுழற்சி நிற்காமல், தேவராசன் ஓபரான் நீட்டிய கோலுக்கு மாற்ற வேண்டும். தட்டு விழுந்தாலும் விழலாம். விழக்கூடுமென்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும். ஆகையால்தான் அது ஒரு கோலிலிருந்து மற்றொரு கோலுக்குப் போய்ச் சேருகிற கணத்தில் அவர்கள் மந்திரத்தை நம்பினார்கள். பசையிட்டு ஒட்டிய தட்டாக இருந்தால் விழாது; ஆனால் அதை ஒருவரும் பூவென்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். தவறுவதற்கு இடம் வைக்காத உலகத்தில் சரியாகச் செய்வதற்கும் பொருளில்லை என்ற நியாயம் நூல்களில் படிக்கும்போது வறட்டு வாதமாகத் தோன்றும். அந்த மேடையில் அது கண்ணுக்கு எதிரே சுழன்றது.

அவ்வாண்டிலேயே அவர் பாரிஸுக்குப் போய், பல தேசத்து நடிகர்களைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார். அவர்களுடன் 1972-இல் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுக் கிராமம் கிராமமாகச் சென்று, தரையில் ஒரு கம்பளத்தை விரித்து, அதன்மேல் முன்னேற்பாடில்லாத நாடகங்களை ஆடச்செய்தார். 1974-இல், பாரிஸில் பாழடைந்து கிடந்த 'பூஃப் து நோர்' என்ற பழைய அரங்கத்தைத் திறந்தபோது, சிதைந்த சுவர்களுக்குப் பூச்சுப் பூசாமல் அப்படியே விட்டுவைத்தார். குர்ஜீஃப் என்ற ஞானியின் வழியை நெடுங்காலம் பின்பற்றி, 1979-இல் அவருடைய சுயசரிதையைத் திரைப்படமாகவும் எடுத்த புரூக்குக்கு, அலங்காரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போவது கலையுத்தி என்பதற்கும் மேலாக ஒரு சாதனையாக இருந்தது. அதனால் அவர் ஒத்திகையில் இளகியவரென்று எண்ண வேண்டாம். கம்பளத்தின்மேல் இல்லாத கயிற்றில் நடக்கச் சொல்லி, கால் வைக்கும் விதத்தில் ஒரு நூலிழை பொய் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாரென்பதை அவருடைய மகன் எடுத்த ஆவணப்படத்தில் பார்க்கலாம். வற்புறுத்தாதவன் கவனியாதவனல்லன்.

பாரதம் அவரிடம் ஒரு கேள்வியாக வந்தது. இரண்டு சேனைகளுக்கும் நடுவே மகாவீரனாகிய அருச்சுனன் தேரை நிறுத்திவிட்டு ஏன் கலங்குகிறான்? அவருக்கும் எழுத்தாளர் ழான் குளோத் கரியேருக்கும் இதற்கு விடை சொல்லப் புகுந்த லவஸ்தீன் என்ற சம்ஸ்கிருத அறிஞர், அருச்சுனன் யார், கண்ணன் யார் என்று தெரிய வேண்டுமே என்று பின்னோக்கிப் போய்ப் பல இரவுகளில் முழுக் கதையையும் சொல்லும்படி ஆயிற்று. அதிலிருந்து சுமார் பத்து ஆண்டு உழைப்புக்குப் பின், 1985 ஜூலையில், தென் பிரான்சில் ஆவிஞோன் நகருக்கு அருகே பூல்போன் என்ற இடத்து மலைச்சரிவில், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில், மண்ணையும் நீரையும் நெருப்பையுமே காட்சிப் பொருளாகக் கொண்டு ஒன்பது மணி நேரம் நடக்கும் நாடகமாகப் பாரதம் அரங்கேறியது. சில நாட்களில் மாலையில் தொடங்கிய நாடகம் விடியற்காலையில் சூரியோதயத்தோடு முடிந்தது. பீஷ்மராக ஆப்பிரிக்க நடிகரும், துரோணராக ஜப்பானிய நடிகரும், திருதராஷ்டிரனாகப் போலந்து நாட்டவரும் வந்த அந்தச் சபையில், திரௌபதியாக நின்ற மல்லிகா சாராபாய் இந்தியர்.

அந்த நாடகத்தின் அமைப்பில் இரண்டு விஷயங்கள் நம் விசாரணைக்கு மிகவும் வேண்டியவை. வியாசர் சொல்ல எழுதுவதற்காக யானைமுகத்தோடு வந்து உட்காருகிற விநாயகர், சிறிது நேரம் கழித்து அந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணனாகிறார். இரண்டு வேஷமும் ஒரே நடிகருடையவை. கதையை எழுதிக்கொண்டிருந்த கையே கதைக்குள் இறங்கிக் குதிரைகளின் கடிவாளத்தைப் பிடிக்கிறது. மற்றொன்று கீதோபதேசம். எழுநூறு சுலோகங்களையும் மேடையில் சொல்லாமல், கண்ணன் அருச்சுனன் பக்கமாகச் சாய்ந்து அவன் காதுக்குள் பேசுகிறான். பார்ப்பவர்களுக்குக் கிடைப்பவை சில வாக்கியங்களே. நம் நாட்டு விமரிசகர்கள், முக்கியமாக ரஸ்டம் பருச்சா, புரூக்கைக் கடிந்துகொண்டதற்கு இவ்வகைச் சுருக்கங்களும் காரணம்: தர்மம், வர்ணம், பிறவி, பக்தி என்று பாரதத்தை ஏந்தி நிற்கிற மண்ணிலிருந்து அதைப் பிடுங்கியெடுத்து உலகப் பொதுக்கதையாக்கிவிட்டார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது. கண்ணனிடத்தில் சரணாகதி செய்கிற உள்ளம் அந்த மேடையில் இல்லை. ஆனால் காதுக்குள் சொன்னதைப் பற்றி வேறுவிதமாகவும் நினைக்கலாம். திரை விலகுவதற்கு முன்பு பக்கத்தில் வந்து நின்று, பிறர் காதில் விழாதபடி ஓரிரண்டு சொற்கள் சொல்லிவிட்டு விலகுகிற டைரக்டரைப் பார்த்திருப்பவர்களுக்கு, கண்ணன் கடைசியில் 'யோசித்துப் பார், உன் இஷ்டப்படி செய்' என்ற கருத்துப்படப் பேசுவது எந்த இடத்திலிருந்து வருகிறதென்று தெரியும். விசுவரூபம் காட்டக்கூடியவன் அதைக் காட்டிக் கட்டளையிட்டு முடித்திருக்கலாம். காட்டிய பிறகும் முடிவை அருச்சுனனிடமே விட்டுவிடுகிறான். யுத்தத்துக்கு முன்னரே துரியோதனனும் அருச்சுனனும் உதவி கேட்டு வந்தபோது, ஆயுதம் எடுக்காத தன்னை ஒரு பக்கமும் சேனையை மறுபக்கமும் வைத்து, எது வேண்டுமென்று கேட்டவனல்லவா அவன்!

1989-இல் அதே பாரதம் ஸ்டூடியோவுக்குள் எடுக்கப்பட்டு, மூன்று பாகங்களாக, ஏறக்குறைய ஐந்தரை மணி நேர டெலிவிஷன் படமாக வெளிவந்தது. குவாரியில் வானமும் காற்றும் நட்சத்திரங்களும் தாமாக வந்து நடித்தன. இங்கே ஒவ்வொரு சுடரும் ஏற்றப்பட்ட சுடர். சூதாட்டக் களத்தில் தலைகுனிந்திருக்கும் பீஷ்மரைப் பார்ப்பதா, திரௌபதியைப் பார்ப்பதா என்று முடிவு செய்வது இனி நம் வேலையன்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1988-லிருந்து 1990 வரை, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கதை சொன்ன சூத்திரதாரி வியாசரல்லர். காலம் என்னும் குரல். எல்லாம் நடந்து முடிந்த பிறகு, முடிந்ததைச் சுழலும் சக்கரத்தின் முன்னிருந்து எடுத்துச் சொல்லுவதற்குக் காலத்தைவிடத் தகுந்தவர் இல்லை. பதிவு செய்யப்பட்ட படத்தின் இயல்பும் அதுதான்: சூதாட்டம் எத்தனை முறை ஓடினாலும் தருமன் தோற்பான். மேடையிலும் தோற்பானென்பது உண்மையே; ஆனால் ஒவ்வோர் இரவும் ஒரு மனிதன் காயைக் கையிலெடுத்து, உருட்டலாமா என்று ஒரு கணம் உண்மையாகவே நின்று, பிறகு உருட்டுகிறான். கதை ஒன்றாயிருந்தும் அந்தக் கணம் ஒன்றாயிருப்பதில்லை. நியதியும் சுதந்திரமும் ஒரே செயலுக்குள் எவ்வாறு குடியிருக்க முடியுமென்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய திருஷ்டாந்தம் இது.

புரூக் அரும்பாடுபட்டுக் கண்டடைந்த இடத்தில் நம் கூத்து வாத்தியார் பரம்பரையாக நின்றுகொண்டிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடக்கிற திருவிழாவில், ஆட்டம் கற்றுக்கொடுத்த வாத்தியார் எங்கோ மறைந்து நின்று ஆட்டுவிப்பதில்லை. ஆடுகிறவர்களுக்குப் பின்னால், தாளத்தோடு, பின்பாட்டுக்காரருள் ஒருவராக நின்று, வேஷக்காரன் எடுத்த அடியை வாங்கித் தொடர்ந்து பாடுகிறார். அடி எடுப்பவன் வேஷக்காரன். அதைத் தாங்கி நிறைவேற்றுபவர் வாத்தியார். சைவ சித்தாந்தம் இறைவனுடைய ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாக வைத்து, அதுவும் அருளே என்று சொல்லுகிறது. ஆன்மா தன் வினையைத் தானே நுகர்ந்து பக்குவப்படுவதற்காக இறைவன் தன்னை மறைத்துக்கொள்ளுகிறான். மறைந்திருக்கிறானே தவிர, விலகிப் போய்விடவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஓர் ஆட்சேபம் அசையாமல் நிற்கிறது. மேடையில் மாண்ட அபிமன்யு திரை விழுந்ததும் எழுந்து வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். குருக்ஷேத்திரத்தில் மாண்டவன் எழுந்திருக்கவில்லை. நடிகன் சம்மதித்து வேஷம் கட்டினவன்; பிறக்கும்போது நம்மை ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த சுபத்திரையிடம் போய்ச் சுதந்திரத்தின் பெருமையைப் பேசுகிறவன் மனிதனாக மாட்டான். நாடக உபமானம் இந்த இடத்தில் தோற்றுப்போகிறதென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாரதம் இதை மறைக்கவில்லை என்பதே அதன் பெருமை. நூறு பிள்ளைகளை இழந்த காந்தாரி, தடுக்கக்கூடிய சக்தி இருந்தும் தடுக்காமல் இருந்தாயே என்று கண்ணனை நேருக்கு நேர் கேட்டு, உன் குலமும் இப்படியே தமக்குள் அடித்துக்கொண்டு அழியட்டும் என்று சபிக்கிறாள். உதங்க முனிவரும் இதே குற்றத்தைச் சாட்டிச் சபிக்க எழுகிறார். முனிவரிடம், தான் தூது போனதையும், அச்சமூட்டிப் பார்த்ததையும், கௌரவர்கள் கேளாததையும் கண்ணன் எடுத்துச் சொல்லுகிறான். காந்தாரியின் சாபத்தையோ வாதாடி விலக்காமல் ஏற்றுக்கொள்ளுகிறான். பின்னொரு நாள் அவன் குலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளுகிறது. அவனும் காட்டில் ஒரு வேடனுடைய அம்புக்கு இரையாகிறான். சாத் பிரபு ஆசனத்தில் இருந்து சிரித்தான். இவன் களத்துக்குள் இருந்து காயப்படுகிறான். கட்டாயப்படுத்தாத சூத்திரதாரி, கட்டாயப்படுத்தாததன் விளைவிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ளாமலும் இருக்கிறான்.

புரூக் தம் தொண்ணூறாம் வயதில், 2015-இல், மறுபடியும் பாரதத்துக்குத் திரும்பியபோது எடுத்துக்கொண்டதும் இந்தப் பகுதியைத்தான். 'பேட்டில்ஃபீல்டு' என்ற அந்தச் சிறு நாடகத்தில் நான்கே நடிகர்கள். யுத்தம் முடிந்துவிட்டது; வென்ற தருமன் பிணக்காட்டைப் பார்த்து, இந்த வெற்றியை என்ன செய்வதென்று கலங்குகிறான். ஒன்பது மணி நேரம் ஒரு மணி நேரச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அறுபது வயதில் அவரை ஈர்த்தது தேர் ஏன் நின்றது என்ற கேள்வி. தொண்ணூறு வயதில், தேர் ஓடி முடிந்த பிறகு யார் பொறுப்பு என்ற கேள்வி.

என் அபிப்பிராயம் இது: நாடக உபமானத்தைச் சொல்லுவதற்கு உரிமை வேண்டுமானால், அதை முழுவதும் சொல்ல வேண்டும். ஆட்டுவிக்கிறவன் ஒருவன் உண்டென்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது சோம்பேறிக்கு வசதியும் துக்கப்படுகிறவருக்கு அவமானமுமாகும். முதல் அடியை நம்மிடம் விட்டுவைத்தவன், அந்த அடி தவறிய இடத்தில் விழும் சாபத்தில் தன் பங்கையும் ஏற்றுக்கொண்டவன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஈசுவரனுக்குப் பொருந்தும். சுபத்திரைக்கு அதுவும் ஆறுதலாகாது. ஆறுதல் தராததனால் ஒரு கொள்கை பொய்யாகிவிடாது. இந்தக் கொள்கை பகவானோடு முடிந்துபோகிற விஷயமுமன்று. பிள்ளைகளை வளர்க்கிறவனும், மாணாக்கருக்குக் கற்பிக்கிறவனும், நாட்டை ஆளுகிறவனும் ஆளுக்கொரு மேடைக்குச் சூத்திரதாரிகளே. பிறருடைய அடியைத் தானே எடுத்து வைத்துவிட வேண்டுமென்ற ஆசை அவர்கள் எல்லோரிடத்திலும் உண்டு. அந்த ஆசையை அடக்கிவிட்டவர்களிடத்திலோ, அவர்கள் செய்தார்கள், எனக்கென்ன என்று கைகழுவிவிடும் ஆசை பின்னாலேயே வந்து நிற்கிறது. முதலாவதை விடுவதற்குப் புரூக்குக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது. இரண்டாவதையும் விட்டவனுக்கே பிறரை நடத்தும் தகுதி உண்டு.